ஒரு சாசர் அளவு வானம்

தார்த்து நகரத்து டிசம்பரில்
வெளிச்சத்துக்கு ஏங்காத ஆள் கிடையாது.
மூன்றரை மணிக்கே தெருவிளக்கு.
அலுவலகத்தில் ஆளுக்கொரு வெள்ளை விளக்கை
முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு
காப்பி குடிக்கிறோம்,
தொட்டியில் முளைவிட்ட நாற்றுகள் போல.

என் வீட்டில் மட்டும்
பதினோரு பேர் நிழல் கேட்டார்கள்.

எம்பர் டெட்ரா.
சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய
அணைய மறந்த கங்குகள்.
விளக்கைப் போட்டால் போதும்,
ஹீட்டருக்குப் பின்னால் ஓடி ஒண்டிக்கொண்டு
நிறம் வெளுத்துப் போவார்கள்.

மைரேயின் கடையில் கேட்டேன்:
மிதக்கும் செடி வாங்கலாமா?
சின்ன மீன்கள். வேரில் சிக்கிக்கொள்ளாதா?
கடித்துவிட்டால் ஏதாவது ஆகுமா?

மைரே வலையை உதறியபடி சொன்னாள்:
"செடி ஒன்றும் செய்யாது.
ஒரு வாரம் தனி வாளியில் வை.
தட்டான் குஞ்சு ஒளிந்திருந்தால் தெரிந்துவிடும்.
அப்புறம் நீ கவனிக்க வேண்டியது
உன்னைத்தான்."
நான் சிரித்தேன்.
அவள் சிரிக்கவில்லை.

பன்னிரண்டு இலை சால்வினியா.
ஈரத்தாளில் சுற்றி, கோட்டுக்குள் வைத்து
பஸ்ஸில் கொண்டுவந்தேன்.
வெளியே மைனஸ் பதினாறு.
வாளியில் ஏழு நாள் கிடந்தும் எதுவும் வரவில்லை,
கடுகளவு நத்தை ஒன்றைத் தவிர.

தொட்டியில் விட்ட மாலையே
பழுப்பு வேர்களுக்குள் ஒருவன் நுழைந்தான்.
பிறகு இருவர்.
வியாழக்கிழமைக்குள் எல்லோரும் நடுத்தொட்டிக்கு வந்து
இழந்த சிவப்பை
எங்கிருந்தோ எடுத்து உடுத்திக்கொண்டார்கள்.
யாரும் சிக்கவில்லை.
பாசிமணித் திரையை விலக்கிக்கொண்டு
அடுத்த அறைக்குப் போகிறவர்களின் சாவகாசம்.

இலை இரட்டித்தது. மறுபடி இரட்டித்தது.
நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவள்,
கூட்டுவட்டியைக் கண்டால் மனசு குளிரும்.
அதுவும், வெளியே ஒரு புல்கூட இல்லாத மாதத்தில்
பச்சையை யார் அள்ளி எறிவார்கள்?

பிப்ரவரியில் மேலிருந்து பார்த்தால்
தண்ணீரே இல்லை.

ஒரு ஞாயிறு விடியலில்
தொட்டி விளக்கைப் போடுமுன் டார்ச் அடித்தேன்.
ஃபில்டர் நீர் விழும் மூலையில்
ஒரு நாணயம் அளவு இடைவெளி.
அதன் கீழே எல்லோரும்
வாயை மேலே தூக்கியபடி,
கடைசி பஸ்ஸில் ஏறுகிற கூட்டமாக.

கை ஓடவில்லை. அந்த நேரம் பார்த்து போன்.
பெய்ப்சி ஏரிப்பக்கம் இருக்கும் அண்ணன் தைவோ:
"குளத்தின் மேல் முழங்கால் உயரம் பனி.
டிரில்லோடு இறங்குகிறேன்.
நாலு துளையாவது போடணும்.
இல்லாவிட்டால் மார்ச்சில் கெண்டை அத்தனையும்
வெள்ளை வயிறு காட்டும்."

"பனிக்கட்டி அவ்வளவு பொல்லாததா?" என்றேன்,
டார்ச்சை அணைக்காமல்.

"பொல்லாததா? குளிர்காற்று படாமல்
அதுகளைக் காப்பாற்றுவதே அதுதான், லீலோ.
முழுசாக மூடிக்கொள்கிறதே,
அங்கேதான் தொந்தரவு."

தேநீர் வடிகட்டியால் அள்ளினேன்.
சூப் கிண்ணம் நிறைந்தது, இன்னொன்றும் நிறைந்தது.
பாதித் தண்ணீர் கண் திறந்தது.
அரைமணியில் மூச்சு தணிந்து
அவர்கள் கலைந்து போக, எண்ணினேன்.
பத்து.

மறுபடி எண்ணினேன். பத்து.
ஹீட்டருக்குப் பின்னால் இல்லை.
தரையில் இல்லை.
கிண்ணத்தைக் குப்பைவாளிக்கு மேல்
சாய்க்கப் போன கை நின்றது.

இலை இலையாக விலக்கினேன்.
இரண்டாவது கிண்ணத்தின் அடியில்,
ஒரு கரண்டித் தண்ணீரில்,
வேர்க்குவியலுக்குள் படுத்தவாக்கில்
செவுள் அசைத்துக்கொண்டிருந்தது
என் பதினோராவது கங்கு.

செடி அதை ஒன்றும் செய்திருக்கவில்லை.

இப்போது காற்றுக்குழாயை வளையமாக்கி
மிதக்க விட்டிருக்கிறேன்.
அதற்குள் இலை வராது. ஒரு சாசர் அளவு வானம்.
சனிக்கிழமைதோறும் மிச்சத்தை அள்ளி
ஒவ்வொரு வேரையும் தண்ணீரிலேயே உதறிவிட்டு
டப்பாவில் போட்டு, அலுவலகத்தில் விநியோகம்.

வளையத்தின் வழியே இறங்கும் விளக்கொளி
மணலில் ஒரு வட்டமாய்க் கிடக்கிறது.
அவர்கள் அதற்குள் போவதில்லை,
விளிம்பில் நின்று பார்க்கிறார்கள்.
நான் நாற்காலியை இழுத்துப் போட்டு
அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்,
மூன்றரை மணியிலிருந்து.