இருநூற்றுப் பதினொரு தலைகள்

அன்றிரவு நானும் அங்கிருந்தேன் என்று
இதுவரை என்னிடம் சொன்னவர்கள்
மூவாயிரம் பேராவது இருப்பார்கள்.
மளிகைக் கடை வரிசையில்,
பல் மருத்துவர் நாற்காலியில் வாயைத் திறந்தபடி,
ஒருமுறை கல்லறைத் தோட்டத்தில்
பெட்டி இறங்கிக்கொண்டிருக்கும்போதே.

எள் போட்டால் எள் விழாத கூட்டமாம்.
எள்ளைக் காயவே போட்டிருக்கலாம்,
அத்தனை பெஞ்சு காலி.

எனக்குத் தெரியும்.
சுப்பீரியர் ஏரிக்கரையில்
செம்புச் சுரங்கங்கள் மூடிய பிறகும் மூடாத ஊர்,
அதன் ஆல்டன் கல்லூரி ஹாக்கி அரங்கில்
பனித்தளம் வழிக்கும் வண்டி என்னுடையது.
மெதுவாகப் போகும் வண்டி.
சுற்றிச் சுற்றி வருகிறவனுக்கு
தலை எண்ணுவதைத் தவிர வேறு வேலை கிடையாது.

எண்பத்தேழு மார்ச்.
வெளியே இடுப்பளவு பனி, இன்னும் கொட்டுகிறது.
மூன்றுக்கு மூன்று.
முதல் கூடுதல் நேரம் முடிந்ததும்
குழந்தை வைத்திருந்தவர்கள் கிளம்பினார்கள்.
இரண்டாவதில், அதிகாலை ஷிப்டுக்காரர்கள்.
மூன்றாவதில்,
பனி வாரும் லாரி வந்து காரை மூடிவிடும் என்று பயந்தவர்கள்.
பாதிரியாரும் அவர்களில் ஒருவர்.
நான்காவதற்குத் தளத்தை வழிக்கும்போது எண்ணினேன்:
இருநூற்றுப் பதினொன்று.
அதில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

டேல் ஹூத்தாலா அடித்த கோல் இடது கையால் என்கிறார்
கசாப்புக்கடை வெண்டெல் காங்கஸ்.
இல்லை, விழுந்துகொண்டே அடித்தான்,
மட்டை இரண்டாக ஒடிந்தது என்கிறாள் லொரெய்ன்.
வட்டு கம்பியில் பட்டு
ஒரு நொடி யோசித்துவிட்டு உள்ளே போனதாம்,
அவள் தம்பி சத்தியம் செய்கிறான்.
(அவன் பிறந்ததே எண்பத்தாறில்.)
படம்பிடித்த பையனின் நாடா
பன்னிரண்டரைக்கே தீர்ந்துபோயிருந்தது.
டேலைக் கேட்டால் தோளைக் குலுக்குவான்.
இப்போது காப்பீடு விற்கிறான்.

நான் பார்க்கவில்லை.

வழித்த பனியைக் கொட்டப் பின்கதவைத் திறந்தேன்,
கதவு பனியில் சிக்கிக்கொண்டது,
மண்வாரியோடு மல்லுக்கு நின்றேன்.
ஆட்டம் தொடங்கி நாற்பத்தோரு நொடி.
பின்னால் ஏதோ பொத்தென்றது.
கூரைப் பனி சரிந்துவிட்டது,
போச்சு, அதையும் நான்தான் அள்ளணும் என்று நினைத்தேன்.
பிறகுதான் கால்கள் பலகையை உதைக்கும் சத்தம்.

உள்ளே வந்தபோது
எங்கள் பையன்கள் ஒரு மூலையில் குவியலாகக் கிடந்தார்கள்.
இருநூற்றுப் பதினொரு பேரும்
(தூங்கியவர் உட்பட)
அந்த மூலையையே பார்த்துக் கத்தினார்கள்.
மறுகோடியில், வலைக்கு முன்னால்
எதிரணிக் காவலன் மண்டியிட்டபடி இருந்தான்,
முகமூடி கழற்றாமல்,
தனக்குப் பின்னால் திரும்பிப் பார்க்காமல்.
எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தேன்.
அரங்கம் காலியானது.
விளக்கில் பாதியை யாரோ அணைத்தார்கள்.
அவனுடைய ஆட்கள் இரண்டுமுறை வந்து கூப்பிட்டார்கள்.
எழுந்தவன் என் வண்டியோரம் சறுக்கி வந்து நின்று
“மன்னிச்சுக்கோங்க,
உங்க வேலையைத் தாமதப்படுத்திட்டேன்” என்றான்.
பத்தொன்பது வயது இருக்கும். உதட்டில் பரு.
நான் என்னவோ சொன்னேன்.
என்ன சொன்னேன் என்பது நினைவில்லை,
அதுதான் உறுத்துகிறது.

பிறகு தளத்தில் நானும் அந்தக் கோடுகளும்தான்.
நீலக்கோட்டில் ஒரு சக்கைக் கீறல்.
அங்கிருந்து ஆள் நீளத்துக்கு ஒரு தேய்ப்பு;
ஆக, விழுந்தது நிஜம்.
மட்டைச் சிம்பு ஒன்றுகூட இல்லை,
லொரெய்னிடம் இதைச் சொன்னதில்லை.
வலைக்கு முன்னால்
முழங்கால்கள் அமர்ந்த இரண்டு குழிகள்,
சூட்டில் இளகி, மறுபடி உறைந்து,
கிண்ணம் போல.

இன்றைக்கும் யாராவது வந்து
நானும் இருந்தேன் என்றால்
எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தீர்கள் என்று கேட்பேன்.
கதவுப் பக்கம் என்பார்கள், அநேகமாக.
ஆமாம், பார்த்தேனே என்பேன்.

இரண்டு மணிக்கு வெந்நீரைத் திறந்துவிட்டு
ஓரத்திலிருந்து தொடங்கினேன்.
ஆறு மணிக்குச் சின்னப் பிள்ளைகள்
சறுக்கக் கற்றுக்கொள்ள வருவார்கள்.
குழி இருந்தால் தடுக்கும்.