மாதத்துக்கு எத்தனை முறை

படிவத்தில் என் பெயருக்குக் கீழே
உறவு என்ன என்று கேட்டிருந்தது.
கணவன் என்று எழுதினேன்.
நேரில் கண்டதை மட்டும் எழுதவும் என்றது.
சரி.

கண்டது:
தானியக் கிடங்குக்காரர்கள் சும்மா தந்த நாட்காட்டி,
ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில்.
வலி வந்த நாளுக்குச் சிவப்பு மையில் பெருக்கல் குறி.
குறிகளில் பாதி நான் போட்டவை,
அந்த நாட்களில் மாரிட்டால் பேனா பிடிக்க முடியாது.

வடக்கு டகோட்டாவில் பிப்ரவரி வெயிலுக்குச் சூடு கிடையாது,
வெளிச்சம் மட்டும் உண்டு.
பனியில் பட்டு அது ஜன்னலுக்கு வருமுன்பே
அவள் இடது கண் சுருங்கிவிடும்.
ராணுவக் கம்பளியைச் சட்டத்தோடு ஆணி அடித்திருக்கிறேன்.
உறைந்த பட்டாணிப் பொட்டலம் ஒன்று
சமைக்கப்படாமலே மூன்று வருடமாக
எங்களோடு குடியிருக்கிறது.
லெய்ஃபுக்கு ஆறு வயது.
கரண்டி இழுப்பறையைச் சத்தமில்லாமல் மூடுகிறான்.
யாரும் சொல்லித்தரவில்லை.

ஒற்றைத் தலைவலி என்று பேர்.
ஒருநாளும் அது ஒற்றையாக வந்ததில்லை.
வாந்தியைக் கூட்டிவரும், டீசல் வாசனையைக் கூட்டிவரும்,
ரமாதிக்கு வெளியே ஒரு பாலத்தடியில்
அவள் ஓட்டிய லாரிக்கு
முன்னால் போன லாரியைக் கூட்டிவரும்.

பரிசோதனை ஃபார்கோவில். நான்கு மணி நேரப் பயணம்.
அன்று பார்த்து அவளுக்கு வலி இல்லை.
தலை சீவி, உதட்டுச் சாயம் பூசி,
வழியெல்லாம் ரேடியோவோடு கூடப் பாடிக்கொண்டு வந்தாள்.
மருத்துவர் பதினோரு நிமிடம் பார்த்தார்.
தெளிவான பேச்சு, நல்ல தோற்றம் என்று குறித்துக்கொண்டார்.
நல்ல நாள் எங்களைக் கவிழ்த்தது.

ஏழு மாதம் கழித்து உறை வந்தது.
பணியில் வந்த வலிதான், ஒப்புக்கொள்கிறோம்.
மதிப்பீடு பூஜ்ஜிய சதவீதம்.
மாரிட் அதை விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள்.
"சதவீதக் குறி வேறயா?
அதிலேயே இன்னும் ரெண்டு பூஜ்ஜியம் இருக்கே."

மேல்முறையீட்டுக்கு உதவ வந்த ஹார்லன்,
கொரியாவில் ஒரு காதை விட்டுவிட்டு வந்தவருடைய மகன்,
எனக்குச் சொன்னார்:
தலைவலி வந்தது என்று எழுதாதே.
நெடுஞ்சாண்கிடையாக வீழ்ந்தாள் என்று எழுது.
அவர்கள் தேடுகிற சொல் அது.

எந்தக் கடவுளுக்கும் அவள் அப்படி விழுந்ததில்லை.
லூத்தரன் ஆலயத்தில்கூட
முன்வரிசையில் நிமிர்ந்துதான் உட்காருவாள்.
குளியலறைத் தரை ஓடுகளுக்கு மட்டும்
கன்னத்தை வைத்து, கையிரண்டும் நீட்டி.
விளக்கை அணைத்துவிட்டு
நான் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருப்பேன்.
தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள்.
எனக்கு வந்ததில்லை.
கதவிடுக்கு வழியே மூச்சை எண்ணத் தெரியும்,
அதையும் எழுதினேன்.

பள்ளிப் பேருந்து அலுவலகத்தில்
ட்யூப்லைட்டுக்குக் கீழே அவள் பார்த்த வேலை போனதை,
மேலாளர் ரொம்ப வருத்தப்பட்டதை,
வருத்தப்பட்டுக்கொண்டே சாவியைத் திரும்ப வாங்கியதை எழுதினேன்.
ஜனவரியில் பதினொரு முறை என்று எழுதி
மெதுவாக அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

"ஒன்பது" என்றாள்.

நாட்காட்டியைக் கொண்டுவந்து காட்டினேன்.
சிவப்பு, பதினொன்று.

"பதினாலும் இருபத்திரெண்டும் தலைவலி இல்ல, ஓரின்.
எழுந்திருக்கத் தோணல. அவ்வளவுதான்."

அதற்கு வேறு படிவம் இருக்கிறது.
எண்கூட ஹார்லனுக்கு மனப்பாடம்.
நான் பதினொன்றை அடித்து ஒன்பது என்று எழுதி
அடித்த இடத்தில் சுருக்கக் கையெழுத்துப் போட்டேன்,
சட்டப்படி அப்படித்தான் செய்ய வேண்டுமாம்.

நாட்காட்டியில் ஒன்றையும் அழிக்கவில்லை.
பதினாலும் இருபத்திரண்டும்
என் கையெழுத்தில்தான் இருக்கின்றன.