காதல் இல்லாத தடி

எங்கள் பக்கம்
மரத்தின் வைரத்துக்குக் காதல் என்று பெயர்.
தேக்குக்குக் காதல் உண்டு, அயனிக்கு உண்டு,
பலாவின் காதல் மஞ்சளாய்த் தொடங்கி
வீட்டுக்காரர்களோடு சேர்ந்து கறுக்கும்.
ரப்பருக்குக் கிடையாது.
தோலிலிருந்து நடுவரை ஒரே வெள்ளை.
வண்டுக்கு அது பந்தி.

அருமனை வாசிப்பறைக்குப்
பன்னிரண்டடி மேசை ஒன்று, பெஞ்சுகள் ஆறு.
"எல்லாம் தேக்கில் செய்யணும்" என்றார்
செயலாளர் ஜாஸ்பர் செல்லப்பன்.
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சொன்னேன்:
பன்னிரண்டடித் தேக்குக்கு
உங்கள் அப்பா பிறக்கும் முன்பே
யாராவது நட்டிருக்க வேண்டும்.
நட்டவர்களும்
வேறு யாருடைய வாசலுக்கோ வெட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

குலசேகரத்தில் ஒரு விளை.
இருபத்தெட்டு வருஷம் பால் கொடுத்த மரங்கள்,
இந்த மாசம் முறிக்கிறார்கள்.
அடுத்த மழைக்கு அதே வரிசையில் கன்று.
லாரி செங்கல் சூளைக்கு.
சூளைக்கு முன்னால் நான் போய் நின்றேன்.

பெஞ்சுக்கு,
கடையாலுமூட்டில் காற்றில் விழுந்த பலா.
விழுந்ததை எடுத்தால்
யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டாம்,
எறும்புகளிடம் தவிர.

ரப்பர் காத்திருக்காது.
அடைமழையில் மூன்று நாள் கிடந்தால்
நீலம் படர்ந்துவிடும்,
பேனா கசிந்த சட்டைப்பை போல.
அன்றே அறுக்கணும்,
அழுத்தத்தில் போரிக் உப்பைக் குடிக்கவைக்கணும்,
பிறகு சூட்டறையில் பன்னிரண்டு நாள்.
அகலப் பலகை அதனிடம் கேட்கக் கூடாது; வளையும்.
சிறு சிறு துண்டுகளாக்கி
விரலோடு விரல் கோர்த்து ஒட்ட வேண்டும்.
காதல் இல்லாததும் கை கோர்க்கும் என்று
ஜாஸ்பர் சாரிடம் சொல்லவில்லை.
மதிப்பீட்டுத் தாளில்
அதற்கொரு வரி இல்லை.

நான்காம் தடியில் வாள் கத்தியது.
சோபிதராஜ் மோட்டாரை நிறுத்தினான்.
மூன்று பல் போயிருந்தது.
நெஞ்சுயரத்தில்
மரம் விழுங்கிய கம்பி வளையம்,
சிரட்டை தாங்கிய கம்பி.
அதிலிருந்து இரும்பு கசிந்து
கறுப்பாய் ஒரு வால்.

விறகுக் கழிவு வாங்க வந்த கமலபாய்
குனிந்து பார்த்தார்.
"எனக்க கம்பியாக்கும் அது.
ரெண்டு முறுக்கு, எடத்தோட்டு.
வேற யாரும் அப்படி முறுக்க மாட்டாவ."
அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.
நெற்றியில் மட்டும்
டார்ச் லைட்டுப் பட்டை அழுத்திய தடம்.

அவருக்கு வேண்டியது
கோழிக்கூட்டுக்கு ஒரு கதவு.
அந்தப் பலகையையே கேட்டார்.
தரமாட்டேன் என்றேன்.
ரெண்டு மழை தாங்காது அக்கா,
இது வீட்டுக்குள் இருக்கிற மரம்.
மூலையில் கிடந்தது அயனித் துண்டு,
குளச்சலில் வள்ளம் பழுது பார்த்த மிச்சம்.
உப்பையே பார்த்த தடி,
கோழி என்ன செய்துவிடும்?
"வள்ளத்துத் தடியா கோழிக்கு!"
சிரித்துக்கொண்டே நாற்பது ரூபாயை
சீவல் குவியல்மேல் வைத்துவிட்டுப் போனார்.
ஏழு கோழிகள் இப்போது
முழுக் காதலுக்குப் பின்னால் உறங்குகின்றன.

மேசை அருமனைக்குப் போய்விட்டது.
கால்கள் மட்டும் தேக்கு,
நாலுவழிச் சாலைக்கு இடித்த வீட்டின் உத்தரம்.
ஆணித் துளைகளை அடைக்கவில்லை.
மேற்பலகையில், ஜன்னல் பக்கத்துத் துண்டில்
அந்தக் கறுப்பு வால்.
கம்பியை எடுத்துவிட்டேன், கறையை விட்டுவிட்டேன்.
ஜாஸ்பர் சார்
எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார்.
போகவில்லை.
பில்லில் கழிக்கச் சொன்னார்.
நூறு ரூபாய் கழித்தேன்.