வந்த வழியே திரும்பாதே

ஹார்லிக்ஸ் பாட்டிலில் தேரூர்க் குளத்துத் தண்ணீர்.
அதற்குள் ஒரு முட்டையை
விரல்நுனியால் இறக்குகிறேன்.
இட்டு ஓரிரு நாளென்றால் அடியில் படுத்துக்கிடக்கும்.
ஒரு வாரம் போனால்
அகன்ற முனை மெல்லத் தலைதூக்கும்.
அப்புறம் நிமிர்ந்து நிற்கும்,
அசெம்பிளியில் கடைசி வரிசைப் பிள்ளை மாதிரி.
பொரிக்கும் நாள் நெருங்கினால்
உள்ளே காற்று பெருத்து
நாணயமளவு வெள்ளை நீருக்கு மேலே தெரியும்.

பதினேழாம் எண் கூடு. சீழ்க்கைச் சிறகி. ஒன்பது முட்டை.
எல்லாம் நிற்கின்றன.
துடைத்துத் திருப்பி வைக்கிறேன்,
எது எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்ததோ அப்படியே.
தலைக்கு மேல் இரண்டும் வட்டமடித்து விசில் அடிக்கின்றன.
நான்கு நிமிடம்.
ஐந்தைத் தாண்டக் கூடாது.

படிவம் கேட்கிறது:
நீர் ஆழம். என் இடுப்பு; தொண்ணூற்றிரண்டு செ.மீ. என்று எழுத வேண்டும்.
கோரையின் உயரம். கரைக்கு எவ்வளவு தூரம்.
அட்டைக்கடிக்குக் கட்டம் இல்லை.

வந்த வழியே திரும்பாதே.
கோரை மடிந்த தடம்
கீரிக்குப் போட்ட ரோடு.
கூட்டைத் தாண்டி இன்னும் இருபது எட்டு போ,
இல்லாத கூட்டின் முன் நின்று
குனி, எழுது, நடி.
தென்னை மட்டையில் இருக்கும் காகம் நம்பும்வரை நடி.
அடையாள நாடா பத்து மீட்டர் தள்ளி.
சிவப்பு வேண்டாம்.
முதல் வருஷம் சிவப்புதான் கட்டினோம்,
பதினொன்றில் எட்டு காலி.
காரணம் என்ற இடத்தில்
'இரைகொல்லி' என்று எட்டு முறை எழுதினேன்.
என் கால்களுக்கும் கட்டம் இல்லை.

தாசையன் தாமரை பறிக்கிறவர்.
லாரி டியூபைப் பிடித்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில்
விடியுமுன் ஆயிரம் மொட்டு,
வெயிலேறுமுன் தோவாளைக்குப் போயாக வேண்டும்.
"எரண்டைக் கூட்டையா எண்ணுதிய?
எண்ணி என்ன செய்வியோ?"
எத்தனை பொரிக்குது, எத்தனை பறக்குது என்றேன்.
"அதுக்குச் சம்பளம் உண்டுமா?"
உண்டு, மூணு மாசம் பிந்தி வரும்.
"அப்பம் நம்ம ஏவாரி மாதிரிதான்."
சிரிப்பு இலைகளுக்குள் போய்விட்டது.

அதற்கடுத்த வாரம்
பதினேழில் ஓடுகள்.
உட்தோல் சுத்தமாகக் கழன்றால் பொரிந்தது;
மஞ்சள் ஒட்டியிருந்தால் யாரோ தின்றது.
உரித்துப் பார்க்கிறேன். எட்டுத் தோல், காய்ந்து,
அப்பளம்போல்.
ஒன்று முழுசாக, குளிர்ந்து.
அதைப் பாட்டிலில் விட்டுப் பார்க்கவில்லை.

குஞ்சு எண்ணுவது வேறு வேலை.
கரையில் பச்சை வலைக்குள்
ஐந்தரை முதல் ஏழரை,
தொலைநோக்கி இடமிருந்து வலம், மறுபடி இடமிருந்து வலம்.
மூன்று காலை.
மருந்துவாழ்மலை தெரிந்தது, சாரலில் அழிந்தது, தெரிந்தது.
நீலத் தாழைக்கோழி நாற்பத்தொன்று.
முக்குளிப்பான் இரண்டு, ஒன்றின் முதுகில் குஞ்சு.
பதினேழின் குஞ்சுகள்: பூஜ்யம்.
அடிக்குறிப்பு சொல்கிறது:
பூஜ்யமென்றால் காணப்படவில்லை,
இறந்ததாகப் பொருள் கொள்ளற்க.

நான்காம் காலை தாசையன் கரையேறி
டியூபை வரப்பில் சாய்த்தார்.
"ஒம்ம ஆளுவ ஆறு பேரு.
மேக்க மடைப் பக்கம் நிக்கி. ஒண்ணு எப்பளும் பிந்தும்."
எத்தனை மணிக்கு? எவ்வளவு தூரத்தில்?
கையை நீட்டிக் காட்டினார்.
"இந்நா, இவ்வளவுதான். மூஞ்சிக்கு நேரே நீந்திப் போச்சு.
தலை மட்டும்தானே வெளிய கெடக்கு,
என்னையும் மொட்டுன்னு நெனச்சிருக்கும்."

பார்வையாளர்: தாசையன்.
மறைவிடம்: தண்ணீர்.
தூரம்: ஒரு கை.
குஞ்சுகள்: ஆறு.
ஆபீசில் இதை அடிப்பார்கள்.
பென்சிலால் எழுதி
அதன் மேல் பேனாவால் எழுதினேன்.

மடைப் பக்கம் போகவில்லை.
வயலைச் சுற்றி, வேறு வரப்பில் ஏறி
ஸ்கூட்டர் வரை நடந்தேன்.
காகம் பின்னாலேயே வந்தது.