அறுபத்திரண்டு

நாகலூரில் எங்கள் அறைக்கு மேலே
தண்ணீர்த் தொட்டியின் மூடிமீதுதான் சிக்னல் இறங்கும்.
பனி விலகினால் இரண்டு கோடு.
தயிர் டப்பாவுக்குள் போன்,
அதோடு ஒயரில் கட்டிய
சோப்புக்கட்டி அளவு ரவுட்டர்,
கீழே என் லேப்டாப்,
ஜெனோவாவின் லேப்டாப்.
கம்பெனிக் கணக்கில் ஒரு சிம், ஒரு போன்.

பதினெட்டாம் தேதி.
அஸ்தம்பட்டி ஆடிட்டருக்கு நாற்பது ஜிஎஸ்டி ரிட்டர்ன்
இன்னும் போகவில்லை.
நெட் நூலாய் இளைத்தது.
‘ஹாட்ஸ்பாட் அளவு முடிந்தது’ என்றது குறுஞ்செய்தி.
அந்தப் பொத்தானை நான் தொட்டதே இல்லை.

பொட்டலத்தைப் பிரிக்கவில்லையாம்.
நெற்றியைத்தான் பார்த்தார்களாம்.
புறப்படும்போது ஒவ்வொன்றும்
அறுபத்து நான்கு என்று ஆயுசு எழுதிக்கொண்டு வரும்.
கைமாறும் இடந்தோறும் ஒன்று உதிரும்,
சேலத்துக்கு இறங்கும் பஸ்ஸில்
வளைவுக்கு வளைவு மஞ்சள் பலகையில்
எண் குறைவது மாதிரி.
போன் தானே பேசினால் முழு அறுபத்து நான்கு.
என்னுடையது ரவுட்டரில் ஒன்று, போனில் ஒன்று தொலைத்து
அறுபத்திரண்டாய்ப் போய் நின்றிருக்கிறது.
ஜெனோவாவுடைய விண்டோஸோ
நூற்று இருபத்தெட்டில் பிறந்த பணக்காரப் பிள்ளை.
நூற்று இருபத்தாறோடு
எந்தப் போன் ஊர்சுற்றும்?

ரவுட்டருக்குள் ஒரு வரி எழுதினேன்:
வெளியே போவது எதுவானாலும் அறுபத்தைந்து.
ஒன்றைப் போன் தின்னட்டும்.
ரிட்டர்ன் நாற்பதும் அன்றிரவே மலையிறங்கின.

நாலு நாள் ஓடியது.
ஐந்தாம் நாள், ராத்திரி ஒரு மணிக்கு
ஜெனோவாவின் லேப்டாப்
தூக்கத்தில் உளறுகிற மாதிரி
தாய்வீட்டைக் கூப்பிட்டு அப்டேட் கேட்டிருக்கிறது.
நெற்றியை மாற்றினேன்,
வாயை மறந்துவிட்டேன்.
மறுபடி நூல்.

காலையில் வீட்டுக்காரர் பொன்னுரங்கம்
தொட்டி பார்க்க ஏணியில் ஏறினார்.
தயிர் டப்பாவை நகர்த்தாமல்
மூடியை லேசாகத் தூக்கி எட்டிப் பார்த்தார்.
“ஒத்த ஆளுக்குன்னு விட்ட ரூமு.
அஞ்சு நாள் வர்ற தண்ணி
மூணு நாள்ல காலியாவுதே.”

உள்ளே கதவுக்குப் பின்னால்
ஜெனோவா பல்துலக்குவதை நிறுத்தினாள்.

“தினம் தலைக்குக் குளிக்கிறேன்” என்றேன்.

அவர் இறங்கி வந்து
என் கிராப்புத் தலையை
ஒரு நிமிஷம் பார்த்தார்.
பிறகு போய்
மோட்டாரைப் போட்டார்.