அறுபத்து மூன்றாவது வீடியோ

பெல்லந்தூரில் பதினான்கு மாடிக் கட்டடம்.
அதன் உச்சியில், மோட்டார் அறையில்,
கிரீஸ் டப்பாமேல் போனைச் சாய்த்துவைத்து
மதியச் சோற்றோடு ஒரு பாடம் பார்ப்பேன்.
மாதம் அறுநூற்று நாற்பத்தொன்பது ரூபாய்.
மூன்று பேர் பங்கு: நான், பெயின்ட் கடை நவாஸ்,
அவன் மச்சினன்.
மச்சினன் இதுவரை ஒரு பாடமும் பார்த்ததில்லை,
பங்கு மட்டும் ஒழுங்காய்த் தருகிறான்.

கீழே ஒன்பதாம் மாடியில்
ஆப் எழுதுகிறவர்கள் இருநூறு பேர்.
ஒருவரிடமும் சந்தேகம் கேட்டதில்லை.
கேட்டால் சொல்லியிருப்பார்கள், நல்ல பிள்ளைகள்.
லிஃப்டில் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை,
அவ்வளவுதான்.

சொல்லித்தருகிறவள் பெயர் தனுஜா.
முகம் காட்டமாட்டாள்.
அவள் பேசுவது ஆங்கிலம்,
நான் படிப்பது அம்புக்குறியை.
அது நிற்கும் இடத்தில் நிற்பேன்.
ஓடும் இடத்தில் முக்கால் வேகத்துக்கு இறக்குவேன்.

இஃப், எல்ஸ் என்று
மூன்று வீடியோ விளக்கினாள்.
எனக்குச் சிரிப்பு.
கதவு திறந்திருந்தால் நகராதே.
எடை மிஞ்சினால் மணியடி.
கரன்ட் போனால் பக்கத்து மாடிக்குப் போ, திற, நில்.
பத்தொன்பது வருடமாய் இதைத்தானே
ஒயரில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மற்றதெல்லாம் கல்.
ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனதற்கு
இரண்டு ராத்திரி.
முருகேஷ்பாளையத்தில் ஒற்றை அறை.
பழைய லேப்டாப்பின் வெளிச்சத்துக்கு மறைப்பாய்
அரிசி மூட்டையை நகர்த்திவைத்தேன்.
போர்வைக்குள்ளிருந்து ரூபவதி கேட்பாள்:
"அந்தப் பொம்பளை இன்னுமா பேசுறா?"

நாற்பத்தேழாவது பாடத்தில் அவள் தப்பு செய்தாள்.
ஓடவேண்டியது ஓடவில்லை.
திரையெல்லாம் சிவப்பு வரி.
வெட்டி எறிந்திருக்கலாம், எறியவில்லை.
பதினோரு விநாடி பேச்சே இல்லை.
தூரத்தில் குக்கர், ஒரு விசில்.
அப்புறம் மெதுவாக, "சரி, பார்ப்போம்" என்றாள்.

அந்தப் பதினோரு விநாடியை
எத்தனை முறை பின்னால் தள்ளிப் பார்த்திருப்பேன்!
இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட் நின்றதும்
உள்ளே விழும் மௌனம் அது.
முதலில் எல்லாப் பட்டனையும் அமுக்குவார்கள்.
பிறகுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.
இன்டர்காம் உண்டு, எடுப்பவர் டீக்குப் போயிருப்பார்.
கதவு திறக்க அரைமணி ஆனாலும் பொறுப்பார்கள்,
ஒரு குரல் மட்டும் வந்துவிட்டால்.

அதனால் என் ஆப்பில் ஒரே பட்டன்.
அமுக்கினால் என் குரல்.
சிக்னல் வேண்டாம், போனுக்குள்ளேயே இருக்கிறது.
தமிழில் ஒரு தடவை, கன்னடத்தில் ஒரு தடவை:
"வந்துகிட்டே இருக்கேன். பயப்படாதீங்க.
கதவை நெம்பாதீங்க."
பின்னால் ரூபவதி பாத்திரம் கழுவுகிற சத்தம்.
நானும் வெட்டவில்லை.

ஒரு குறை.
போனைப் படுக்கவைத்தால் எல்லாம் மறந்துவிடுகிறது.
யாரும் எதையும் அமுக்கவே இல்லை என்பதுபோல்
மறுபடி முதலிலிருந்து தொடங்கி நிற்கிறது.
அதற்கு வழி அறுபத்து மூன்றாவது பாடத்தில்.
தலைப்பு தெரிகிறது,
ஓரத்தில் சின்னப் பூட்டு.
ஒன்பதாம் தேதி நவாஸ் கணக்கில்
பதினேழு ரூபாய் குறைந்துபோனது.

நேற்று பி பிளாக்கில் நின்றது.
ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே
ஹவுஸ்கீப்பிங் சித்தலிங்கா, துடைப்ப வண்டியோடு.
அவன் போனில் மட்டும்தான் போட்டுக்கொடுத்திருந்தேன்.
படியேறி ஓடியபடி
எனக்குத் தெரிந்த கன்னடத்தில் கத்தினேன்:
சித்தலிங்கா, போனை நேரா பிடி,
சாய்க்காதே, நான் வர்ற வரைக்கும் சாய்க்காதே!
கதவிடுக்கு வழியே எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்த நான்
வந்துகிட்டே இருக்கேன் என்றேன்.
கூடவே, கழுவி முடியாத பாத்திரங்கள்.