முப்பத்தொன்றாவது எண்

சங்ககிரி சர்வீஸ் கவுண்டரில் என் மேசைக்கு
நாற்பத்து மூன்று சேஸிஸ் எண்கள் வந்தன.
பதினோரு டன் வண்டிகள். ஒரே மாதத்தில் இறங்கியவை.
பின்சக்கரத்துக்குப் போகும் ஏர் பிரேக் குழாய்
ஒரு போல்ட்டின் தலையில் உரசுகிறதாம்.
கிளிப்பை ஒரு விரல் தள்ளி மாட்டியிருக்க வேண்டும்.
முதல் பத்தி அவ்வளவுதான்.
மற்றவை எல்லாம் கனத்த ஆங்கிலம், நான் படிக்கவில்லை.

கிளிப் நாற்பது ரூபாய். மாட்ட இருபது நிமிஷம்.
இலவசம் என்று சொன்ன பிறகுதான்
எல்லோருக்கும் சந்தேகம் வருகிறது.

"ரீகாலுன்னா என்னங்க அம்மிணி?"
கம்பெனி வண்டியத் திரும்பக் கூப்பிடுதுங்க.
"கூப்பிடட்டும். அப்படியே டியூவையும்
சேத்திக் கூப்பிட்டுக்கச் சொல்லுங்க."
வையப்பமலை செங்கோட்டுவேலு.
முட்டை ஏற்றிப் பாலக்காடு போயிருக்கிறது வண்டி.
வந்தால் மாட்டுத்தீவனம். அதை இறக்கினால் மஞ்சள்.
நிற்கிற நாளிலும் வட்டி ஓடும்;
என் வீட்டிலும் ஒரு வண்டி இருந்தது, எனக்குத் தெரியும்.

ஒன்பது வண்டிகள் கைமாறிவிட்டன.
மூன்று, ஃபைனான்ஸ்காரர்களின் கம்பிவேலிக்குள்
டயர் வெடிப்பில் புல் முளைக்க நிற்கின்றன.
ஒன்று காங்கேயத்தில் தேங்காய்ப் பருப்பு சுமக்கிறது.
அதன் இன்றைய ஓனர் யாரென்று
எங்கள் கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

மல்லசமுத்திரம் ஆறுச்சாமி மட்டும் கூப்பிட்ட அன்றே வந்தார்.
அடியில் படுத்த மெக்கானிக் என்னைக் கையாட்டி அழைத்தான்.
குழாயைச் சுற்றி சைக்கிள் டியூப்,
அதன்மேல் கட்டுக்கம்பி மூன்று சுற்று,
முறுக்கிய நுனி குத்தாதபடி வெளியே மடக்கியிருந்தது.
"வாங்கி ஆறாம் மாசமே உரசுச்சுங்க.
பல்லிடுக்குல காத்துப் போற மாதிரி ஒரு சத்தம்.
டீக்கடையில நின்ன வண்டிக்கெல்லாம் சொன்னனுங்க.
ஏனுங்க, உங்க கம்பெனிக்கு
எந்த டிரைவர் சொன்னானுங்க?"
புதுக் கிளிப்பை மாட்டினோம்.
டியூபைக் கழற்ற அவர் விடவில்லை.

முப்பத்தொன்று, பவானி அம்மாபேட்டை.
ஏழாவது மணியில் எடுத்தது ஒரு பெண்குரல்.
ஓனர் மெய்யழகன் இருக்காருங்களா?
"அவர் ஊட்டுக்காரி கோகிலா பேசறனுங்க."
பின்னால் ஏதோ மிக்சி ஓடி நின்றது.
ஐப்பசியில், திம்பம் இறக்கத்தில், ஒன்பதாவது வளைவில்.
தாளவாடி முட்டைக்கோஸ் லோடு.
எஃப்ஐஆரில் அதிவேகம், அஜாக்கிரதை.
"கோஸுக்கு என்னங்க அவசரம்?
சந்தைக்கு விடியக்காலம் போனாப் போதும்."

எனக்குச் சொல்லிக்கொடுத்த வாக்கியம் ஒன்று இருந்தது:
தங்கள் பாதுகாப்பே எங்கள் முதல் அக்கறை.
அதைத் தொண்டையிலேயே நிறுத்திவிட்டேன்.
என்ன கோளாறு என்று கேட்டார். குழாய் என்றேன்.
போல்ட் என்றேன். கிளிப் என்றேன்.
விலை கேட்டார்.
அதையும் சொன்னேன்.

"அந்தக் கோளாறு
கம்பெனிக்கு எப்பத் தெரிஞ்சுதுங்க?"
அப்போதுதான் அந்த ஆங்கிலத்துக்குள் இறங்கினேன்.
மூன்றாம் பத்தி, நாலாம் வரி.
முதல் புகார் பதிவானது ஆகஸ்ட்.
ஆகஸ்ட் என்றால் ஆடி, ஆவணி.
சொல்லலாமா என்று யோசிப்பதற்குள்
என் வாய் சொல்லிவிட்டிருந்தது.

வெகுநேரம் மூச்சு மட்டும் கேட்டது.
"அந்தக் கடுதாசிய எனக்கு அனுப்ப முடியுங்களா?
ரெண்டாப் போட்டு அனுப்புங்க. ஒண்ணு வக்கீலுக்கு."
இன்னொன்று யாருக்கென்று அவர் சொல்லவில்லை.

படிவத்தில் மூன்று கட்டங்கள்:
பணி முடிந்தது. உரிமையாளர் மறுத்தார். தொடர்பு கிடைக்கவில்லை.
பேனா மூன்றின் மேலும் போய்த் திரும்பியது.

இரண்டு காப்பி எடுத்துவிட்டேன், சூடு ஆறவில்லை.
அலுவலகக் கடிதம் வெளியே போகக் கூடாது என்பது விதி.
சீல் இல்லாவிட்டால் கோர்ட்டில் அது வெறும் தாள்.
சீல் மேனேஜர் டிராயரில் இருக்கிறது.
மேனேஜர் ஒரு மணிக்குச் சாப்பிடப் போவார்.
இப்போது பன்னிரண்டு ஐம்பது.